நடு ஆற்றுக் குலவை

தஹானியை டாக்டரிடம் கூட்டிப்போகிறோம் என்று அவள் புருஷனின் அண்ணன் ஹாஜி ஃபிக்ரியிடம் சொன்னது முழுப்பொய் இல்லை. அஸ்வானில் டாக்டரைப் பார்க்கத்தான் செய்தோம். அவர் அவள் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, "இந்த அம்மாவுக்கு மாத்திரை வேண்டாம், காற்று வேண்டும்" என்றார். எங்கள் ஊரில் காற்றுக்கா பஞ்சம்? துக்க வீட்டு ஜன்னலைத் திறக்க விடமாட்டார்கள், அதுதான் பஞ்சம். ஆகவே மறுநாள் காலையில் நேரே படித்துறைக்குப் போய் ஒரு பாய்மரப் படகைப் பேசி, வீட்டுக்கு ரயிலில் திரும்பாமல் ஆற்றோடு திரும்புவது என்று முடிவு செய்தோம். டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்தைத்தானே வாங்கினோம்? இதில் பொய் எங்கே வந்தது?

என் பெயர் சுஹைர். எட்ஃபு நகரத்தில் மணப்பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்கிறவள். இரண்டு புருஷன்களை அனுப்பிவைத்தவள். மண்ணுக்கு இல்லை, அவனவன் அம்மா வீட்டுக்கு. என் கையிலிருக்கும் முடி சுருட்டும் கம்பியைவிட என் நாக்குக்குச் சூடு அதிகம் என்று ஊரில் பேச்சு உண்டு. நான் மறுத்ததில்லை.

எங்களோடு வந்தவள் தெமியானா. தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவள், கோப்து கிறிஸ்தவள், கல்யாணமே வேண்டாம் என்று இருப்பவள். அப்போதுதான் அவர்களுடைய நீண்ட நோன்பு முடிந்திருந்தது. மாதக்கணக்கில் பருப்பும் கீரையுமாக இருந்த வயிறு. கண்ணில் படும் எந்த உணவையும் போலீஸ்காரன் திருடனைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். தஹானி, நான், தெமியானா மூவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அந்த பெஞ்சு உடைந்த பிறகும் நாங்கள் உடையவில்லை.

தஹானியின் புருஷன் ரிஃபாத் கரும்பாலையில் வேலை பார்த்தவன். போன இலையுதிர் காலத்தில் ஒருநாள் வேலை முடிந்து வந்து, செருப்பைக் கழற்றி, "டீ போடு" என்று சொன்னவன் டீ வருவதற்குள் போய்விட்டான். நல்லவன். சாவதற்கு முன்னால் அவன் செய்த கடைசி நல்ல காரியம், மகள் ரீஹாமின் கல்யாணத்துக்கு நாள் வைத்தது. ஷம் அந்நசீம் என்கிற வசந்தப் பண்டிகை கழிந்த மறுவாரம், வியாழக்கிழமை. மெத்தை வாங்கியாயிற்று, பாத்திரம் வாங்கியாயிற்று. மாப்பிள்ளை ஹிஷாமுக்குக் குவைத்தில் வேலை கிடைத்திருந்தது; கல்யாணம் முடிந்த கையோடு புறப்பட வேண்டும். போனால் வர இரண்டு வருஷம்.

அப்புறம் ரிஃபாத்தின் அண்ணன் ஹாஜி ஃபிக்ரி வாயைத் திறந்தார். "ஒரு வருஷத்துக்கு எங்க குடும்பத்துல குலவைச் சத்தம் கேக்கக் கூடாது." அவ்வளவுதான், கதை முடிந்தது.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்கு இது ஒரு பெரிய விஷயமாகத் தோன்றாது. சாவு விழுந்த தெருவில், துக்கப்பட்டவள் உத்தரவு கொடுக்காமல் யாரும் கொட்டடிக்க முடியாது. கல்யாண வீட்டார் அவள் வாசலில் வந்து நின்று கேட்பார்கள். அவள் சம்மதித்தால், அவளே வாசலுக்கு வந்து முதல் குலவையை இடுவாள். அவள் இட்டுவிட்டால் அப்புறம் சுல்தானே வந்தாலும் அந்தக் கல்யாணத்தை நிறுத்த முடியாது. அவள் இடாவிட்டால் அந்தத் தெருவில் ஒரு பெண்ணும் வாய் திறக்கமாட்டாள். இது செத்தவனின் பெண்டாட்டிக்கு உள்ள உரிமை, அண்ணனுக்கு உள்ளதல்ல. ஆனால் ஃபிக்ரிக்குக் கையில் வேறு ஒரு பிடி இருந்தது. அப்பன் இல்லாத பெண்ணின் கையைப் பிடித்து மாப்பிள்ளையிடம் கொடுக்க வேண்டியவர் பெரியப்பாதான். அவர் வராமல் நிக்காஹ் இல்லை. "எம் பேச்ச மீறி ஆரம்பிச்சா நான் படி ஏற மாட்டேன்" என்று அவர் சொன்னபோது தஹானி தலையைக் குனிந்துகொண்டாள். விதவை வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டிய இத்தா காலம் முடிந்து வெளியே வந்த பிறகும் அந்தத் தலை நிமிரவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவோ, "எம் மவன் கையில மோதிரம் போட்டுக்கிட்டு எத்தனை வருஷம் காத்துக் கெடப்பான்" என்று கடைத்தெருவில் பேச ஆரம்பித்திருந்தாள்.

வேடிக்கை என்னவென்றால், எட்ஃபுவிலேயே குலவைக்குப் பேர் போனவள் தஹானி. மூன்று தெரு தள்ளிக் கேட்கும். நான் அலங்காரம் செய்த பாதிப் பெண்களுக்கு அவள்தான் முதல் குலவை. அந்த வாய்க்குத்தான் பூட்டு.

பண்டிகை நாளென்று படகுக்காரர் மக்கி, பாய்மரத்தின் உச்சியிலிருந்து வால்வரை கலர் கலராகக் கொடித்தாள் கட்டியிருந்தார். அஸ்வானின் நூபிய ஆள். எல்லாரையும் ஏதோ நேற்றுத் தன் வீட்டில் சாப்பிட்டுப் போனவர்கள் போலப் பேசுவார். எதிர்காற்று, அதனால் படகு ஒரு கரைக்கும் மறு கரைக்கும் நெசவுக்காரன் நாடா போலப் போய் வந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. ஒவ்வொரு திருப்பத்திலும் பாய்க்கட்டை தலைக்குமேல் வீசும். தெமியானா ஒவ்வொரு தடவையும் "யா அத்ரா!" என்று கன்னிமரியைக் கூப்பிட்டுக்கொண்டு குப்புற விழுவாள்.

"யம்மா, பெரியம்மா, நீ விழுந்தா படகு நேரா போவுது. எழுந்தா சாயுது. விழுந்தே கெட" என்றார் மக்கி.

"என்னைப் பாத்துப் பேசற வாயா இது? போன மாசம் ஒங்க ஊருக்கு வந்த மணியார்டர்ல முத்திர குத்தினது நான்தான், தெரியுமா?"

"எனக்கு வரலியே!"

"வராது. இனிமேலும் வராது."

சிரித்தோம். தஹானி சிரிக்கவில்லை. தலையிலிருந்து கால்வரை கறுப்பில், மெத்தையில் ஓரமாக ஒடுங்கி, ஆற்றுக்கும் தனக்கும் சம்பந்தமில்லாதவள் போல உட்கார்ந்திருந்தாள். மக்கி காப்பி கொண்டு வந்தார். தெமியானா அவள் கோப்பையில் ரகசியமாக இரண்டு கரண்டி சர்க்கரை போட்டுவிட்டாள். தஹானி ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாள். எங்கள் ஊரில் துக்க வீட்டில் சர்க்கரை இல்லாத காப்பிதான். ஆனால் அது வருகிறவர்களுக்குக் கொடுக்கிற சில நாள் சடங்கு. இவள் மாதக்கணக்கில் குடித்துக்கொண்டிருந்தாள். கரும்பாலைக்காரன் வீட்டில் கசப்புக் காப்பி. அதுவும் ஃபிக்ரியின் உத்தரவு என்றே நான் நினைத்தேன். எரிச்சல் மூக்குவரை வந்தது.

ஃபசீக் பொட்டலத்தைப் பிரித்தேன். உப்பில் ஊறி ஊறி நாறின மீன், கருவாட்டுக்குப் பெரியப்பன். அதன் வாசம் பட்டதும் பக்கத்துப் படகுக்காரர்கள்கூட எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். பச்சை வெங்காயம், எலுமிச்சை, வெயிலில் மாவைப் பொங்கவைத்துச் சுட்ட ரொட்டி. தெமியானா கண்ணை மூடி ஜெபம் சொன்னாள், அதுவும் பாதியில் நின்றது, கை நீண்டுவிட்டது.

"சாப்பிடுடி" என்றேன் தஹானியிடம்.

"எனக்கு வேணாம் சுஹைர். நீங்க சாப்பிடுங்க."

"இந்தப் பண்டிகைக்கு ஃபசீக் சாப்பிடறதுக்குக் கூலியா குடுக்கணும் ஒனக்கு? ஃபிக்ரி இங்க இல்லடி. பாய்மரத்து மேல இருக்கற அந்தக் காக்கா வேணும்னா பாத்துக்கிட்டிருக்கு. அது சொல்லாது."

சாயங்காலம் அவள் மக்கியிடம் மட்டும் ஒன்று கேட்டாள்; படகுக்காரரை எங்கள் பக்கத்தில் ரயிஸ் என்றுதான் கூப்பிடுவோம். "ரயிஸ், எட்ஃபுவுக்கு முன்னாடி கிழக்குக் கரையில நஜ் ஸாலிம்னு ஒரு ஊர் வரும். அதத் தாண்டும்போது மேற்குக் கரையோரமாப் போயிடுங்க. அங்க எங்க வீட்டுப் பெரியவர் இருக்காரு. டாக்டர் வீட்டுக்குப் போனவ கொடி கட்டின படகுல வரான்னு அவர் கண்ணுல படக் கூடாது."

எனக்கு வந்த கோபத்தில் ஒரு வெங்காயத்தை முழுசாகக் கடித்தேன். ஆற்றில் மிதக்கும்போதும் அந்த மனுஷனுக்குப் பயந்து ஒதுங்கிப் போகிறாளே! என் சிநேகிதியைத் திட்டவும் முடியவில்லை. அவள் பயம் தனக்காக இல்லை, மகளுக்காக. அவரைப் பகைத்தால் கல்யாணம் இல்லை. பகைக்காவிட்டாலும் கல்யாணம் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுச்சுவர்.

இரண்டு நாள் இப்படியே போயிற்று. மூன்றாம் நாள் காலையில் ஸில்ஸிலா மலைகளுக்கு நடுவே வந்தோம். ஆறு அங்கே ஒடுங்கிப் போகும். எதிரே வரும் படகில் இருப்பவனின் மீசையை எண்ணலாம். அப்போதுதான் கொட்டுச் சத்தம் கேட்டது.

எதிரே வந்தது ஒரு சீர்ப் படகு. எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முதல்நாள் பெண்ணின் சாமான்களை மாப்பிள்ளை வீட்டுக்கு ஊர்வலமாகக் கொண்டுபோவார்கள். ஆற்றங்கரை ஊர்களில் அது படகில் போகும். நடுவில் பிரிட்ஜ், அதன்மேல் மெத்தை, மெத்தையின் மேல் ஒரு கிழவி. சுற்றிலும் பெண்கள், கையில் தபலா, வாயில் குலவை. கரும்புத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஆட்களும், வலை வீசிக்கொண்டிருந்த மீன்காரனும் நிமிர்ந்து நின்று, "ஆயிரம் மப்ரூக்! ஆயிரம் மப்ரூக்!" என்று கத்தினார்கள். ஆற்றில் குலவை கேட்டால் கரையில் இருப்பவன் வாழ்த்தியே ஆக வேண்டும். யார் வீட்டுக் கல்யாணம் என்பதெல்லாம் அப்புறம். வாயை மூடிக்கொண்டிருந்தால் கண்ணு வைத்தான் என்று பெயர். வாழ்த்திவிட்டாலோ அந்தக் கல்யாணத்துக்கு அவனும் ஒரு சொந்தக்காரன்.

பிறகு அந்தப் படகில் யாரோ தஹானியைப் பார்த்தார்கள். அந்தக் கறுப்பைப் பார்த்தார்கள். சட்டென்று தபலா நின்றது. கைதட்டல் நின்றது. மோட்டாரைக்கூட அணைத்துவிட்டார்கள். மெத்தைமேல் இருந்த கிழவி தானாகவே கீழே இறங்கிவிட்டாள். இரண்டு படகிலும் தண்ணீர் பலகையில் மோதுகிற சத்தம் தவிர ஒன்றும் இல்லை.

தஹானி முக்காட்டை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். "என்னாலதான். என்னாலதான் நின்னு போச்சு. ரயிஸ், சீக்கிரம் போங்க, தாண்டிப் போங்க."

"எங்கம்மா போறது? மலைக்கு நடுவுல காத்தே இல்ல" என்றார் மக்கி.

இரண்டு படகும் நீரோட்டத்தில் ஒன்றையொன்று நெருங்கின. பெண்ணின் அம்மா எழுந்து நின்றாள். வெயிலில் கறுத்த, ஒல்லியான விவசாயி வீட்டுப் பெண். மருதாணிக் கை.

"அக்கா, போனவங்களோட மிச்ச ஆயுசு உங்களுக்குச் சேரட்டும். யாரைப் பறிகுடுத்தீங்க?"

"வீட்டுக்காரரை" என்றாள் தஹானி. அவள் குரல் அவளுக்கே கேட்டிருக்காது.

"அல்லா அவர் மேல இரக்கம் காட்டட்டும். அக்கா, எம் மூத்த மகளோட சீர் போவுது. நீங்க உத்தரவு குடுத்தா கொட்டடிப்போம். குடுக்கலேன்னா கோவிச்சுக்க மாட்டோம். அக்கரை போற வரைக்கும் இப்படியே சத்தமில்லாமப் போறோம். நீங்க சொல்றதுதான்."

நீங்க சொல்றதுதான். தஹானி முக்காட்டை விலக்கி அந்தப் பெண்ணை உற்றுப் பார்த்தாள். ரிஃபாத் போனதிலிருந்து இந்த வார்த்தையை அவளிடம் யாரும் சொல்லவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்களும் சொல்லவில்லை. நாங்கள்கூட அவளைச் சாப்பிடு, சிரி, சர்க்கரை போட்டுக்கொள் என்று ஏவிக்கொண்டுதான் இருந்தோம்.

அவள் எழுந்தாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளங்கையை வாயருகே வைத்து நாக்கை அசைத்தாள். வெறும் காற்று வந்தது. மறுபடி முயன்றாள். இருமல் வந்தது. பெண்ணின் அம்மா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "பரவால்லக்கா, மனசே போதும்" என்றாள்.

"போதாது" என்றாள் தஹானி. "தெமியானா, எலுமிச்சம்பழம் குடு."

பாதிப் பழத்தை வாயில் பிழிந்தாள், முகத்தைச் சுளித்தாள், துப்பினாள். அப்புறம் வந்தது பாருங்கள் அது! மேற்கு மலையில் மோதிக் கிழக்கு மலைக்குப் போய் மறுபடி மேற்குக்கு வந்தது. ஒரு குலவை, அதன் வால் அறுவதற்குள் அடுத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமென்ன. சீர்ப் படகு முழுக்கக் கூச்சலாயிற்று. தபலா, மோட்டார், கிழவி மறுபடி மெத்தைமேல். தாண்டிப் போகும்போது அந்த அம்மா ஒரு கை நிறைய மிட்டாயை அள்ளி எங்கள் படகுக்குள் வீசினாள். பாதி ஆற்றில் விழுந்தது, மீதி தெமியானாவின் மடியில்.

அவர்கள் போன பிறகு தஹானி வெகுநேரம் உட்காரவே இல்லை. பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாத்தியா சுஹைர்" என்றாள். "யார்னே தெரியாதவ. அவ மகளுக்கு என் உத்தரவக் கேட்டா. என் மகளுக்கு என் உத்தரவ ஒருத்தன் கேக்கல."

"கேக்க மாட்டான்டி. நீயாக் குடுத்தாத்தான்."

"குடுத்தா அவர் வர மாட்டாரு."

"இப்ப மட்டும் வந்து கிழிச்சிட்டாரா?"

தெமியானா மிட்டாயை மென்றுகொண்டே, "தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் என்ன, முழம் என்ன" என்றாள். நாளெல்லாம் முத்திரை குத்துகிறவள் எப்போதாவதுதான் புத்தி சொல்வாள், சொன்னால் சரியான இடத்தில் குத்துவாள்.

தஹானி மக்கியைப் பார்த்தாள். "ரயிஸ். நான் மேற்குக் கரையோரம் போகச் சொன்னேன்ல? வேணாம். கிழக்குக் கரையோரமாவே போங்க. ஆளுங்க மூஞ்சி தெரியற மாதிரி."

"ஒட்டியே போறேன்மா" என்றார் மக்கி. "மூஞ்சி என்ன, மூக்குப் பொடி தெரியும்."

அவள் என்ன செய்யப்போகிறாள் என்று எங்களுக்குத் தெரியும். ஃபிக்ரி கண்ணெதிரே குலவையைத் திறந்துவிடப் போகிறாள். அவர் அப்புறம் வராமல் போனால் போகட்டும், மகளின் கையை நானே பிடித்துக் கொடுக்கிறேன் என்று ஒரு தடவை சொன்னாள். அது நடக்காத காரியம், மாப்பிள்ளை வீட்டார் ஏற்கமாட்டார்கள் என்று மூவருக்கும் தெரியும். தெரிந்தும் நான் அவளைத் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் என்னையே நான் மன்னித்திருக்கமாட்டேன்.

வெயில் சாய்கிற நேரத்தில் நஜ் ஸாலிம் வந்தது. அஸர் தொழுகை முடிந்து ஊர் ஆண்கள் ஆற்றங்கரை மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஹாஜி ஃபிக்ரி, கணுக்கால்வரை வெள்ளை ஜலாபியா அங்கி, பெரிய தலைப்பாகை, கையில் டீக் கிளாஸ். எங்களுக்குப் பின்னால் மேற்கே சூரியன். அவர்கள் கண்ணுக்கு நேரே. கொடித்தாள்களெல்லாம் காற்றில் படபடத்தன.

தஹானி படகின் முனைக்குப் போனாள். தெமியானா சிலுவை போட்டுக்கொண்டாள். நான் பிஸ்மில்லாஹ் சொன்னேன். மக்கி பொதுவாக எல்லாருக்குமாகத் தொண்டையைக் கனைத்தார்.

அவள் குலவையிட்டாள். காலையில் இட்டது ஒத்திகை என்று நினைத்துக்கொள்ளும்படி இருந்தது. கரையில் மேய்ந்துகொண்டிருந்த கழுதை தலையைத் தூக்கியது. மாடிகளில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் திரும்பினார்கள். மூன்று தடவை, மூச்சு விடாமல்.

அப்போது ஹாஜி ஃபிக்ரி ஒரு காரியம் செய்தார். அவர் மட்டுமல்ல, எங்கள் பக்கத்து ஆண் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான். நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். டீக் கிளாஸை உயர்த்தினார். கண் கூச, மறு கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, கணீரென்ற அந்தக் குரலில், "ஆயிரம் மப்ரூக்! அல்லா நிறைவாக்கி வைக்கட்டும்! பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நூறு பிள்ளைங்க பொறக்கட்டும்! யார் வீட்டுக் கல்யாணம்? வாங்க, கரையேறுங்க, டீ குடிச்சிட்டுப் போங்க!" என்றார். சுற்றியிருந்த அத்தனை ஆண்களும் எழுந்து, "மப்ரூக்! மப்ரூக்!" என்றார்கள்.

தவளை தன் வாயால் கெடும் என்பார்களே, அதை என் கண்ணால் பார்த்தேன்.

தஹானிகூட ஒரு நொடி திகைத்துவிட்டாள். இதை அவள் எதிர்பார்க்கவில்லை, யார்தான் எதிர்பார்ப்பார்கள்? பிறகு முக்காட்டை முகத்திலிருந்து முழுசாக விலக்கினாள்.

"உங்க தம்பி வீட்டுக் கல்யாணம்தான் ஹாஜி! ரிஃபாத் மக ரீஹாமுக்கு. அடுத்த வியாழக்கிழமை. உங்க வாழ்த்துக்கு அல்லா கூலி குடுக்கட்டும்!"

படகு கரையை உரசிக்கொண்டு நின்றது. மக்கி வேண்டுமென்றே நிறுத்தினார் என்று இன்றைக்கும் சொல்வேன். ஃபிக்ரியின் கை உயர்ந்தபடியே இருந்தது. டீ முழங்கை வழியாக வழிந்தது.

"தஹானியா? நீ... நீ டாக்டர் வீட்டுக்குப் போகல?"

"போனேன். காத்து வாங்கச் சொன்னாரு. வாங்கினேன்."

"எந் தம்பி மண்ணு காயலடி! அதுக்குள்ள கொடி கட்டி, குலவை போட்டுக்கிட்டு..."

"அந்த மண்ணு எனக்குத் தெரியாதா? உங்களுக்கு அவரு தம்பி. எனக்கு யாருன்னு நான் சொல்லணுமா? இது அவரு வச்ச நாளு ஹாஜி. செத்தவர் வச்ச நாள உயிரோட இருக்கறவங்க தள்ளிப் போடறதுக்கா துக்கம்னு பேரு?"

"எனக்குத் தெரியாமச் சொல்லிட்டேன். சூரியன் கண்ணக் கூசிச்சு. அந்த வாழ்த்து செல்லாது."

"அப்பத் திருப்பி எடுத்துக்குங்க" என்றாள் தஹானி. கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். "இத்தனை பேர் முன்னாடி, ரிஃபாத் மகளுக்கு நான் சொன்ன மப்ரூக் வேணாம், நூறு பிள்ளை வேணாம்னு வாயால சொல்லுங்க. நின்னு கேட்டுட்டுப் போறேன்."

ஹாஜி ஃபிக்ரி வாயைத் திறந்தார். மூடினார். வாழ்த்தைத் திருப்பி எடுப்பது எங்களிடையே சாபத்துக்குச் சமம். அனாதைப் பெண்ணுக்கு அதைச் செய்கிறவனின் முகத்தில் மறுநாள் காலையில் எவனும் விழிக்கமாட்டான். பக்கத்து நாற்காலிக்காரர் ஒருவர் தாடியைத் தடவுகிற சாக்கில் சிரிப்பை மறைத்துக்கொண்டார். இவர் மட்டும் அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் எல்லாம் போயிற்று.

அப்போது மேலேயிருந்து ஒரு குலவை வந்தது. ஒல்லியாக, உடைந்து உடைந்து, பழக்கமில்லாத தொண்டையிலிருந்து வந்த குலவை. ஃபிக்ரியின் வீட்டு மாடி. அவர் மனைவி ஸகீனா, புருஷன் இருக்கும் இடத்தில் குரல் உயர்த்தி யாரும் கேட்டிராதவள், கொடியிலிருந்து எடுத்த துணியைத் தோளில் போட்டபடி நின்று குலவையிட்டாள். அதற்குப் பக்கத்து மாடியில் ஒன்று. எதிர் மாடியில் ஒன்று. அப்புறம் ஊரே பிடித்துக்கொண்டது.

ஃபிக்ரி மாடியைப் பார்த்தார். படகைப் பார்த்தார். காலியான டீக் கிளாஸைப் பார்த்தார். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"வியாழக்கிழமை எந்தத் தொழுகைக்கு அப்புறம்?" என்றார், தரையைப் பார்த்தபடி.

"மக்ரிப்புக்கு அப்புறம்."

"முன்னாடியே சொல்றதில்ல? தலைப்பாகை வெளுக்கப் போடணும்" என்று முணுமுணுத்தார். அவர் கண்ணோரம் ஈரமாக இருந்தது. நான் அவரைப் பிடிக்காதவள், ஆனாலும் சொல்கிறேன், அந்த ஈரம் தோல்விக்கானது மட்டுமல்ல. அவருக்கும் செத்தவன் தம்பிதான்.

கரையேறி டீ குடிக்கவில்லை. மக்கி துடுப்பால் கரையை உந்தினார், படகு நடு ஆற்றுக்கு வந்தது. நான் ஆடினேன். பாய்க்கட்டை தலையில் இடித்தும் ஆடினேன். தெமியானா மக்கியிடமிருந்து அடுப்பைப் பிடுங்கித் தானே காப்பி போட்டாள். தஹானியின் கோப்பையில் ஒளிவுமறைவே இல்லாமல் மூன்று கரண்டி சர்க்கரையைக் கொட்டிக் கலக்கி, மருமகள் மாமியாருக்குக் கொடுப்பது போல இரண்டு கையாலும் நீட்டினாள்.

தஹானி ஒரு வாய் குடித்தாள். எழுந்து போய்க் கோப்பையை அப்படியே ஆற்றில் கவிழ்த்தாள்.

"எவடி சர்க்கரை போட்டது?"

"கல்யாண வீட்டுக் காப்பிடி!" என்றேன் நான். "இன்னும் ஃபிக்ரிக்குப் பயமா ஒனக்கு?"

"ஃபிக்ரியா? இதுக்கும் ஃபிக்ரிக்கும் என்னடி?" அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஆடுவதை நிறுத்திவிட்டேன். "கறுப்பப் போடுன்னு எவனும் எனக்குச் சொல்லல. கசப்பாக் குடின்னும் எவனும் சொல்லல. கல்யாணம் எம் மகளுது, அதுல நான் குலவை போடுவேன், தொண்டை கிழியறவரைக்கும் போடுவேன். ஆனா ரிஃபாத் என்னுது. அவனுக்காக எத்தனை நாள் கசப்பாக் குடிக்கணும்னு நான் பாத்துக்கறேன். ஃபிக்ரி ஒரு வருஷம்னு அளந்தாரு. நீங்க ரெண்டு பேரும் இன்னியோட போதும்னு அளக்குறீங்க. ஆளாளுக்கு அளக்காதீங்க."

தெமியானா மறுபடி அடுப்பைப் பற்றவைத்து, சர்க்கரை டப்பாவை மூடித் தூர வைத்துவிட்டு, புதுக் காப்பி போட்டுக் கொடுத்தாள். தூரத்தில் கரும்பாலையின் புகைபோக்கி தெரிய ஆரம்பித்திருந்தது. தஹானி கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்தப் புகையையே பார்த்தாள்.

"ரிஃபாத்" என்றாள், அவன் அடுத்த அறையில் இருப்பதுபோல. "வியாழக்கிழமை. ஒங்கண்ணன் வராரு."

அப்புறம் அந்தக் கசப்பை, கண்ணில் தண்ணீர் வழிய, அடியில் தேங்கிய வண்டல்வரை குடித்தாள்.